எடை மெஷினா, டேப்பா?

ஐந்து மாதமாகத் திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளுக்குத் தப்பித் தினமும் நடக்கிறேன். குளியலறை எடை மெஷின் 72-ஐ விட்டு அசையவில்லை. "நடந்து என்ன கண்டீங்க?" என்கிறாள் மனைவி. பெல்ட்டோ இரண்டு ஓட்டை உள்ளே போய்விட்டது.

பெல்ட்டுக்கே என் ஓட்டு. கொழுப்பு கரைந்து தசை ஏறினால் எடை நிற்கும், தொப்பை இறங்கும். ஒரு டன் பஞ்சும் ஒரு டன் இரும்பும் ஒரே இடத்தையா அடைக்கும்? துறைமுகத்துப் பக்கத்தில் வாழும் நமக்குத் தெரியாதா!

உயரத்துக்கேற்ற எடைக் கணக்கைத் தந்த கெத்தலே டாக்டரே அல்ல, பெல்ஜிய வானியலாளர். நான் படித்த அதே பிரெஞ்சில் 1835-ல் அவர் எழுதியது 'சராசரி மனித'னைப் பற்றி. உங்கள் தொப்பையைப் பற்றி அல்ல.

2004-ல் லான்செட் இதழில் புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவரும் தங்களையே உதாரணம் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2!

நம் வயதில் எடை மட்டும் குறைந்தால், கரைவது தசையாகவும் இருக்கலாம். அதற்கா சந்தோஷப்படுவது? வயிற்றை எக்காமல் டேப்பைச் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. எடை மெஷினைப் பழைய பேப்பர்க்காரர் வந்தால் போட்டுவிடுங்கள். அவருக்காவது எடை முக்கியம்.