மருந்தின் விலையைச் சொல்லத் தடை இருந்த நாடு

1970-களின் முற்பகுதியில், அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் நாற்பது அக்ரோமைசின் மாத்திரைகள் ஒரு கடையில் 2.59 டாலர், இன்னொரு கடையில் 6 டாலர். அதே வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ், ஹாம்ப்டன் வட்டாரத்தில் டெட்ராசைக்ளின் கடைக்குக் கடை 1.20 டாலரிலிருந்து 9 டாலர் வரை விற்றது. இது பற்றி எழுந்த ஒரு வழக்கில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கணக்கு இது. எங்கே மலிவு என்று அறிய நோயாளி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்க வேண்டும். ஏனெனில், மருத்துவரின் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்தின் விலையை விளம்பரப்படுத்துவது மருந்தாளுநருக்கு ஒழுக்கக்கேடு என்றது மாநிலச் சட்டம். மீறினால் உரிமத்துக்கே ஆபத்து.

இன்று அதே ஊரில் ஒருவர் கைபேசியில் மருந்தின் பெயர், மில்லிகிராம், மாத்திரை எண்ணிக்கை, அஞ்சல் குறியீடு ஆகியவற்றைத் தட்டினால், சுற்றுவட்டாரக் கடைகளின் விலைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. 2011-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய குட்ஆர்எக்ஸ் இவ்வகைச் செயலிகளில் பெயர் பெற்றது. அரை நூற்றாண்டில் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டதாகவே தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. அன்று சட்டம் மறைத்த விலையை இன்று ஒப்பந்தம் மறைக்கிறது.

வர்ஜீனியா சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் ஒரு நுகர்வோர் அமைப்பு, ஒரு தொழிற்சங்கக் கூட்டமைப்பு, தினமும் மருந்து சாப்பிட்டாக வேண்டிய ஒரு நோயாளி. மாநில மருந்தியல் வாரியத்தின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. விலைப் போட்டி வந்தால், பொறுமையாக மருந்து கலந்து, ஒத்துக்கொள்ளாத மருந்துகளைக் கண்டு எச்சரிக்கும் மருந்தாளுநர் நொடித்துப் போவார். அவசரக் கடைகள் தழைக்கும் என்று அது அஞ்சியது. ஆனால் அப்போதே நூற்றில் 95 மருந்துகள் ஆலையிலேயே தயாராகிக் கடைக்கு வந்துகொண்டிருந்தன. 1976 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையைச் செல்லாததாக்கியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹாரி பிளாக்மன், இதில் அதிகம் அடிபடுவோர் ஏழைகளும் நோயாளிகளும் முதியவர்களும்தான் என்று எடுத்துக்காட்டினார். வருமானத்தில் பெரும்பங்கு மருந்துக்குப் போவதும் அவர்களுக்குத்தான். கடை கடையாக அலைய முடியாதவர்களும் அவர்கள்தான். வணிக விளம்பரத்துக்கும் பேச்சுரிமை உண்டு என்ற கோட்பாட்டுக்காகவே சட்ட மாணவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். மாத்திரை விலை கட்டுப்படியாகாமல் எழுந்த வழக்கு என்பது பின்னுக்குப் போய்விட்டது. அது பெரிய இழப்பு.

தீர்ப்பு வந்த காலத்திலேயே விலையின் இயல்பு மாறத் தொடங்கியிருந்தது. வேலை கொடுத்த நிறுவனங்கள் வழங்கிய காப்பீட்டில் மருந்தும் சேர்ந்தது. பிளாஸ்டிக் அட்டை வந்தது, பிறகு கடைக்குள் கணினி வந்தது. காப்பீட்டு நிறுவனங்களுக்காகப் பேரம் பேசும் இடைத்தரகர்கள் நடுவில் அமர்ந்தார்கள். இன்று கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம்ஆர்எக்ஸ் என்ற மூன்று நிறுவனங்களே நாட்டின் மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தைக் கையாள்கின்றன. ஒரே மாத்திரைக்கு ஒப்பந்தத்துக்கு ஒரு விலை. நம்மூர் மாத்திரை அட்டையின் பின்புறம் அதிகபட்ச விலை அச்சாகியிருக்கும். அமெரிக்க மருந்தாளுநர் எண்ணிப் போட்டுத் தரும் ஆரஞ்சு நிறக் குப்பியில் எதை அச்சிடுவது?

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. காப்பீட்டின்படி நோயாளி கட்ட வேண்டிய பங்கைவிட ரொக்கம் கொடுத்து வாங்கினால் குறைவு என்று கவுண்டரில் நிற்பவருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லக் கூடாது என்று சில ஒப்பந்தங்கள் அவர் வாயைக் கட்டின. அந்தக் கட்டை அவிழ்க்க 2018 அக்டோபரில் இரண்டு சட்டங்கள் தேவைப்பட்டன.

இந்தச் சூழலில் முளைத்ததுதான் விலை ஒப்பீட்டுச் செயலி. அது தரும் கூப்பனில் காப்பீட்டு அட்டையில் இருப்பது போலவே சில எண்கள் இருக்கும். கடையில் அவற்றைக் கணினியில் ஏற்றியதும், கோரிக்கை ஓர் இடைத்தரகர் நிறுவனத்துக்குப் போய், அதன் ஒப்பந்த விலை சில நொடிகளில் திரும்பி வருகிறது. விற்பனை முடிந்ததும் கடை அந்த நிறுவனத்துக்கு ஒரு கட்டணம் தர வேண்டும். அதில் ஒரு பங்கு செயலிக்கு. ஆக, திரையில் தெரிவது கடைக்காரர் வைத்த விலை அல்ல, இன்னொரு ஒப்பந்தத்தின் விலை. விலைக் குழப்பம் தீர்ந்துவிட்டால் இந்தத் தொழிலுக்கே வேலை இல்லை. 2022-இல் மருந்தும் விற்கும் பெரிய மளிகைக் கடைத் தொடர் ஒன்று சில மருந்துகளுக்கு இந்தத் தள்ளுபடியை ஏற்க மறுத்தபோது, குட்ஆர்எக்ஸின் வருமானமே ஆட்டம் கண்டது. கூப்பனில் கட்டிய பணம், காப்பீட்டின்படி நோயாளி ஆண்டுக்குத் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையின் கணக்கில் பெரும்பாலும் சேர்வதும் இல்லை.

நோயாளி இன்னொரு விலையும் கொடுத்தார். யார் எந்த மருந்தைத் தேடினார் என்ற விவரம் ஃபேஸ்புக், கூகுள் போன்ற விளம்பர நிறுவனங்களுக்குப் போனதாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 பிப்ரவரியில் குட்ஆர்எக்ஸ் மீது குற்றம் சாட்டியது. தவறை ஒப்புக்கொள்ளாமலே 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட நிறுவனம் இசைந்தது. மனச்சோர்வுக்கோ பால்வினை நோய்க்கோ மருந்து தேடும் ஒருவர் பக்கத்து வீட்டாருக்குக்கூடத் தெரியாமல்தான் தேடுவார். அந்த நம்பிக்கையில் கைவைப்பதைச் சிறு பிழையாக என்னால் எண்ண முடியவில்லை.

இருந்தும் செயலியே வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. காப்பீடு இல்லாதவருக்கு இந்த மாத மருந்து கிடைக்கிறது என்றால் அது பெரிய உதவி. ஆனால் உடம்புக்கு முடியாதவர், முடியாத நேரத்தில், பத்துக் கடை விலையை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதை ஒரு நாடு தீர்வாக ஏற்றுக்கொள்ளக் கூடாது. இன்சுலினைப் பாருங்கள். ஹுமலாக் என்ற இன்சுலின் குப்பி 1996-இல் சுமார் 21 டாலருக்கு வந்தது. இருபது ஆண்டுகளில் அதன் பட்டியல் விலை 250 டாலரைத் தாண்டியது. அப்போது எந்தக் கடையில் தேடினாலும் அடிப்படை விலை அதுவாகவே இருந்தது. 2022-இல் இயற்றிய சட்டம், முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேரில் இருப்பவர்கள் ஒவ்வோர் இன்சுலின் மருந்துக்கும் மாதம் 35 டாலருக்கு மேல் கட்ட வேண்டாம் என்றது. அந்த முதியவர்கள் இன்சுலினுக்காக எந்தச் செயலியையும் திறக்கத் தேவையில்லை.

அதே வரம்பைத் தனியார் காப்பீட்டில் இருப்போருக்கும் விரிக்கும் பிரிவு 2022 ஆகஸ்டில் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 57, எதிர்ப்பு 43. தேவைப்பட்டது 60. அந்தப் பிரிவு மறுபடியும் அவைக்கு வர வேண்டும். அதில் இன்சுலின் மட்டும் இருந்தால் போதாது.