கீழாநெல்லிக்குச் சோதனை எதற்கு?

மஞ்சள் காமாலை என்றதும் நம்மவர் நாவில் முதலில் வருவது கீழாநெல்லி. மலாய்க்காரர்களும் இதனை 'டுக்கோங் ஆனாக்' என்று அழைத்து மருந்தாகப் பயன்படுத்துகின்றனர். இத்துணைப் புகழ்பெற்ற மூலிகைக்கு ஆய்வுக்கூடச் சோதனை எதற்கு என்று வினவுவோர் உளர். சோதனை கட்டாயம் வேண்டும் என்பதே என் கருத்து.

மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி. ஹெபடைடிஸ் ஏ கிருமியால் வரும் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அந்நாள்களில் மூலிகை அருந்தியவர், மூலிகையே குணமாக்கியது என்று நம்புவது இயல்பு. ஆனால், பித்தநாள அடைப்பாலும் புற்றுநோயாலும் காமாலை வரும். அவை காத்திருந்தால் தணிவன அல்ல.

ஆய்வாளர்கள் என்ன செய்கின்றனர்? எலிகளைப் பல குழுக்களாகப் பிரிக்கின்றனர். கார்பன் டெட்ராகுளோரைடு அல்லது மிகையளவு பாராசிட்டமால் கொடுத்துக் கல்லீரலைச் சிதைக்கின்றனர். ஒரு குழுவுக்கு மூலிகைச் சாறும், மற்றொன்றுக்குச் சிலிமரினும் தருகின்றனர். இன்னொன்றுக்கு நஞ்சு மட்டுமே. பிறகு இரத்தத்தில் ஏஎல்டி, ஏஎஸ்டி நொதிகளை அளக்கின்றனர். கல்லீரல் திசுவையும் நுண்ணோக்கியில் காண்கின்றனர். நொதிகள் குறைவாக ஏறியிருந்தால் சாறு காத்தது என்பர்.

இத்தகைய முடிவு நாளிதழில் வந்தவுடன் 'கீழாநெல்லி வென்றது' என்று ஆர்ப்பரிக்கிறோம். சற்று நிதானிப்போம். இச்சோதனைகள் பலவற்றில் நஞ்சுக்கு முன்னரே சாறு புகட்டப்படுகிறது. நோயாளியோ ஈரல் கெட்டபின் வருகிறார். ஆய்வில் பெரும்பாலும் எத்தனாலில் எடுத்த சாறு. நம் வீட்டிலோ மோரில் கலந்த விழுது. எலி தந்த விடை ஒரு தொடக்கமே.

மனிதரிடம் நடந்த சோதனையும் உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சென்னை ஆய்வாளர் தியாகராஜனும் பங்கேற்ற ஆய்வு, 1988-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. கிருமியைச் சுமந்தோருக்கு 30 நாள் கீழாநெல்லி தரப்பட்டது. மருந்துண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேற்பரப்புப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே வியந்தது! ஆனால், பின்னர்த் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை.

இது கீழாநெல்லிக்கு இழுக்கன்று. எந்த இனம், எந்த மண், எந்தப் பருவம், எந்த அளவு என்று மேலும் ஆராயவேண்டிய பணி எஞ்சியுள்ளது என்றே பொருள். அதுவரை, கண் மஞ்சளித்தால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்வோம். மூலிகை உண்பவர் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வோம். மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு வழங்கப்படும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தவறவிடாதிருப்போம்.

பாட்டன் சொன்னதைப் போற்றுவோம். அதைச் சோதித்தும் பார்ப்போம். மாணவர்க்கும் இதனையே கற்பிப்போம். சிந்திப்போம்!