புறக்கடைக் கோழிகளின் மூச்சுத்திணறல்: தடுப்பூசி இருந்தும் எட்டாதது ஏன்?

புதுதில்லி: குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கியதும் பறவைக் காய்ச்சல் குறித்த எச்சரிக்கைகள் வெளியாவது ஆண்டுதோறும் வழக்கமாகிவிட்டது. ஆனால், வீட்டுக் கொல்லையில் ஐந்து, பத்து கோழிகளை வளர்ப்போர் அதிகம் அஞ்ச வேண்டிய நோய் அரிதாகவே தலைப்புச் செய்தியாகிறது. அது ராணிக்கெட் நோய். அதற்கான தடுப்பூசி பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது; விலையும் மலிவு. இருந்தும் கோழிகள் மூச்சுத்திணறி மடிவது நின்றபாடில்லை.

பாதிக்கப்படுவோர் சிறு எண்ணிக்கையினர் அல்லர். 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் உள்ள சுமார் 85 கோடி கோழியினப் பறவைகளில் ஏறத்தாழ 31.7 கோடி புறக்கடையில் வளர்பவை. முந்தைய கணக்கெடுப்பைவிட இது சுமார் 46 விழுக்காடு அதிகம். அதே காலத்தில் வணிகப் பண்ணைப் பறவைகளின் எண்ணிக்கை சுமார் 4.5 விழுக்காடு மட்டுமே உயர்ந்தது.

ராணிக்கெட் என்பது உத்தரகண்டின் அல்மோரா மாவட்டத்தில் உள்ள மலை நகரம். 1920-களின் பிற்பகுதியில் இந்நோய் இந்தியாவில் அங்கு கண்டறியப்பட்டதால் அப்பெயரே நிலைத்தது. உலகின் பிற பகுதிகளில் இதனை நியூகாசில் நோய் என்பர். தமிழ்நாட்டிலோ கோழிக் கழிச்சல், வெள்ளைக் கழிச்சல் என்கின்றனர். எச்சத்தை மட்டும் சுட்டும் இப்பெயர் ஒரு வகையில் தவறான வழிகாட்டி. பல கோழிகளில் முதலில் தென்படுவது இருமல், தும்மல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல் ஆகியவையே. பச்சை நிறக் கழிச்சல், கால் முடக்கம், கழுத்து முறுக்கிக்கொள்வது ஆகியவை தெரியும் முன்பே நோய் பக்கத்து வீட்டுக் கோழிகளை எட்டியிருக்கக் கூடும்.

தடுப்பூசி எட்டாததற்கு அதன் அடைப்பு அளவே முதல் காரணம். உறைநிலையில் உலர்த்திய இம்மருந்து பெரும்பாலும் நூறு கோழிகளுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்குமான குப்பிகளிலேயே கிடைக்கிறது. தயாரித்த இடத்திலிருந்து கோழியின் கண்ணில் சொட்டும் வரை குளிர் குறையக் கூடாது. கரைசலில் கலந்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். ஐயாயிரம் கோழிகள் உள்ள பண்ணைக்கு இவை பொருட்டே அல்ல. எட்டுக் கோழிகள் வைத்திருக்கும் பெண்ணுக்கு, ஒரு குப்பி வாங்கி 92 பேருக்கான மருந்தைக் கொட்டுவது போன்றது. தெருவில் உள்ள அனைவரும் ஒரே நாளில் கோழிகளைப் பிடித்துத் தந்தால் மட்டுமே கணக்கு நேராகும். விடிந்ததும் மேய்ச்சலுக்குப் பறந்துவிடும் நாட்டுக்கோழியைப் பிடிப்பது எளிதன்று என்பது வளர்ப்போருக்குத் தெரியும்.

குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண் அல்லது மூக்கில் சொட்டு மருந்து, எட்டு வார அளவில் இறக்கையில் ஊசி என இரு தவணைகள் தேவை. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் இருவார முகாம் நடத்துகிறது. ஆனால், முகாம் முடிந்த மறுமாதம் பொரித்த குஞ்சுக்கு அதனால் பயனில்லை.

இரண்டாவது சிக்கல் தகவல் தெரிவிப்பதில் உள்ளது. ராணிக்கெட்டையும் பறவைக் காய்ச்சலையும் அறிகுறியைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது. ஆய்வகச் சோதனை தேவை. பறவைக் காய்ச்சலை உறுதி செய்வது போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகம். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழிகள் அழிக்கப்படும். இழப்பீடு அழிக்கப்படும் பறவைகளுக்கு உண்டு. அதற்கு முன்பே நோயால் இறந்தவற்றுக்கு இல்லை. முதலில் கோழியை இழந்தவருக்கு எதுவும் கிடைக்காது. அவர் தகவல் சொன்னால் அண்டை வீட்டாரின் நல்ல கோழிகளும் போகும். இந்நிலையில் அவர் வாய் திறப்பார் என எதிர்பார்ப்பது மிகை.

2008-இல் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் தொடங்கிய பறவைக் காய்ச்சல் பெரும்பாலும் வீட்டுக் கோழிகளிடையே பரவியது. சுமார் 40 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. மக்கள் கோழிகளை மறைத்து வைத்ததாக அப்போதே செய்திகள் வந்தன.

இருமும் கோழியை உடனே அறுப்பதும் சந்தையில் விற்பதும் இந்த அச்சத்தின் மறுபக்கம். நோயைப் புதிய ஊருக்குக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் அந்தச் சந்தைக் கூடைதான்.

மற்றொரு பழக்கம், மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கித் தண்ணீரில் கலப்பது. முகம் வீங்கி மூக்கு ஒழுகும் கொரைசா, மைக்கோபிளாஸ்மாவால் வரும் நாள்பட்ட சுவாச நோய் ஆகியவற்றில் இது பலன் தரலாம். வைரஸால் வரும் ராணிக்கெட்டில் பயனில்லை. முட்டையில் மருந்து எச்சம் தங்கும் அபாயம் மட்டும் மிஞ்சும். மனிதர்களுக்குக் கடைசிக்கட்ட மருந்தான கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்த 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது இத்தகைய அச்சத்தால்தான்.

நோயுற்ற கோழியைத் தனியே அடைத்து, புதிதாக வாங்கியவற்றைச் சில வாரம் சேர்க்காமல் வைத்து, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் தெரிவிப்பதே வளர்ப்போரால் இயன்றது. பல மாநிலங்களில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆனால், சில கோழிகளுக்காக ஊர்தியை அழைக்கத் தயங்குவோரே அதிகம் இருப்பர்.

தேசிய கால்நடை இயக்கம் ஊரகக் கோழிப் பண்ணைத் தொழில்முனைவோருக்கு 50 விழுக்காடு, அதிகபட்சம் 25 லட்சம் ரூபாய் மூலதன மானியம் வழங்குகிறது. மாடுகளின் கோமாரி நோய்க்கு நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 2019 முதல் உள்ளது. ராணிக்கெட் தடுப்பூசிக்கு அதுபோன்ற தேசிய இலக்கு இல்லை. மாநிலங்களின் முன்னுரிமைக்கே விடப்பட்டுள்ளது. நாட்டுக்கோழிகளுக்குத் தீவனம்போல் கொடுக்கக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தை தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. ஊசியோ கோழி பிடிப்போ தேவையற்ற அத்தகைய மருந்து, பத்துக் கோழிகளுக்கான சிறு பொட்டலமாக ஊர்க் கடைக்கு வருமா என்பது இனி அரசுகள் கொள்முதலுக்கு ஒதுக்கும் நிதியைப் பொறுத்தது.