ஈரல் சுருங்கியவருக்கு ஆறு மாதத்துக்கொரு ஸ்கான்

ஈரல் புற்றுநோய் பெரும்பாலும், ஏற்கெனவே சுருங்கிப்போன ஈரலில்தான் வருகிறது. யாரைக் கண்காணிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த நோய் இது. வன்னியில் அந்தக் கண்காணிப்பை இனியும் நோயாளியின் அதிர்ஷ்டத்துக்கு விடக்கூடாது.

தொடக்கத்தில் கட்டி வலிக்காது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி வரும்போது செய்யக்கூடியது மிகக் குறைவு. இரண்டு சென்ரிமீற்றரில் பிடிபட்டால் கதை வேறு. ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சூட்டால் பொசுக்கலாம். ஈரலில் வலு மிச்சமிருந்தால் வெட்டி எடுக்கலாம். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரே கட்டி, அல்லது மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்படாத மூன்று கட்டிகள்வரை என்றால் ஈரல் மாற்றுச் சிகிச்சையும் பலன் தரும் என்று 1996இல் மிலான் வைத்தியர்கள் காட்டினார்கள். அந்தச் சிகிச்சை நம் நாட்டில் ராகமையிலேயே நடக்கிறது.

தேவைப்படுவது ஆறு மாதத்துக்கொருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கான்; கூடவே ஏ.எஃப்.பி. என்னும் இரத்தப் பரிசோதனை. சந்தேகம் வந்தால் மருந்தேற்றி எடுக்கும் சி.ரி. ஸ்கான் பெரும்பாலும் விடை சொல்லிவிடும், சதை எடுத்துப் பார்க்காமலே.

ஈரல் சுருக்க நோயாளி ஒருவரின் கிளினிக் கொப்பியில் புரோப்பிரனலோல், ஸ்பைரனோலக்டோன், லக்டுலோஸ் என்று மருந்துகள் வரிசையாக இருக்கும். அடுத்த கிளினிக் திகதியும் இருக்கும். அதன் கீழே அடுத்த ஸ்கான் திகதியும் கட்டாயம் எழுதப்பட வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் இந்நோயாளருக்கெனத் தனிப் பதிவேடு வேண்டும். திகதி தவறியவரை அழைத்துக் கேட்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். மேல் சிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போவதென்றால், முல்லைத்தீவிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் மேல். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ கூலிக்குப் போகிறவருக்கு அந்தப் பயணம் ஒரு நாள் சம்பளத்தை விழுங்கும். மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுவோருக்குப் பயணச் செலவை மாகாண சுகாதார அமைச்சு ஏற்க வேண்டும்.

‘குடிச்சுத் தேடின வருத்தம்’ என்ற பேச்சும் நிற்க வேண்டும். கசிப்பு இம்மண்ணில் செய்துவரும் அழிவை மறுக்கவில்லை. அதை ஒழிப்பதும் அவசரம். ஆனால் ஒரு சொட்டும் தொடாதவர்களின் ஈரலும் நீரிழிவாலும் கொழுப்பாலும் சுருங்குகிறது. குடித்தவரானாலும் சிகிச்சைக்கு உரித்துடையவரே. வெட்கத்தால் கிளினிக்கை விட்டவரைக் கட்டி விடுவதில்லை.

வீட்டில் ஈரல் சுருக்கம் உள்ள ஒருவர் இருந்தால், அடுத்த கிளினிக்கில் இதைக் கேளுங்கள்: “டொக்டர், கடைசியா ஈரல் ஸ்கான் எப்ப எடுத்தது? அடுத்தது எப்ப?”