அந்த ஒரு கறுப்புப் பந்து

ஸ்டீவ் டேவிஸ் என்கிற இங்கிலீஷ்காரரைத் தெரியுமோ? ஸ்நூக்கரில் ஆறு தடவை உலக சாம்பியன். ஆனால், பேரைச் சொன்னதும் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது அவர் தோற்ற மேட்ச்!

1985. ஷெஃபீல்டு, க்ரூசிபிள் தியேட்டர். ஃபைனலில் எதிரே வட அயர்லாந்தின் டென்னிஸ் டெய்லர். பாதி முகத்தை மறைக்கிற சைஸில் கண்ணாடி. முதல் 8 ஃப்ரேமும் டேவிஸுக்கே. 'முடிஞ்சுது, போய்ப் படுக்கலாம்'னுதானே நினைப்போம்? டெய்லர் படுக்கவில்லை. 17-17! கடைசி ஃப்ரேமில் கறுப்புப் பந்து மட்டும் பாக்கி. போடுகிறவர்தான் சாம்பியன். நடுராத்திரி தாண்டியும் பிரிட்டனில் 1.85 கோடி பேர் டி.வி. முன்னால் கொட்டக் கொட்ட முழித்திருந்தார்கள்.

டேவிஸ் லேசாக உரசிவிட்டால் போதும். உரசினார்... ரொம்பவே லேசாக! பந்து குழிக்குப் போகவில்லை. அடுத்து டெய்லர் போட்டுவிட்டார். அந்த மேட்ச்சிலேயே அவர் முன்னிலைக்கு வந்தது அப்போதுதான்.

யூடியூபில் டேவிஸ் முகத்தைப் பார்த்தேன். ஒரு ரூபாய் உதைத்து, டாலி ஆகாத பேலன்ஸ் ஷீட்டோடு ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்திருக்கிற பி.காம். பையனின் முகம் (அனுபவம் சார்!).

அடுத்த வருஷ ஃபைனலிலும் அடி. ஜோ ஜான்சனிடம் 18-12. நானாயிருந்தால் மெடிக்கல் லீவ் போட்டிருப்பேன். மனுஷன் 87, 88, 89 மூணு வருஷமும் கப்பைத் தூக்கினார்! அப்புறம் 2016-ல், 58 வயசில்தான் ரிடையர்மென்ட்.

அதற்கு முன்னால், 2010-ல், அதே க்ரூசிபிளில் டெய்லரோடு சேர்ந்து அந்தக் கடைசி ஃப்ரேமைத் தமாஷாக ஆடிக் காட்டினார்.