ராகுகாலம் இருக்கு, உப்புக்காலம் எங்கே?

உங்க வீட்டு டெய்லி காலண்டரை கடைசியா எப்போ முழுசாப் படிச்சீங்க? தேதி பார்க்கிறதைச் சொல்லலை. லீவு எப்போன்னு சிவப்பு எழுத்தைத் தேடுறதையும் சொல்லலை. ராகுகாலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம், மேல்நோக்கு நாள்னு கீழே ஓடும் அந்தக் குட்டி எழுத்தைக் கேட்கிறேன். இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கு ‘சமநோக்கு நாள்’னா என்னன்னு காலேஜ் வந்தும் தெரியாது. தெரிஞ்ச பிறகும் என் வாழ்க்கையில் எதுவும் மாறலை, அது வேற கதை.

மரக்காணத்தில் எங்க ஆயா வீட்டிலும் அதே காலண்டர்தான். சிவகாசியில் அச்சடிச்சு, நகைக்கடை பேரைப் போட்டு, ஓசியில் வந்தது. ஆயா உப்பளத்தில் வேலை பார்த்தவங்க. காலையில் தாளைக் கிழிப்பாங்க, ஆனா எல்லாத் தாளையும் வீச மாட்டாங்க. மழை பெய்த நாளோட தாளை மட்டும் வாசல்பக்கம் தொங்கும் கம்பியில் குத்தி வைப்பாங்க. ரொம்ப நாள் அதை ஏதோ வேண்டுதல்னு நினைச்சிட்டிருந்தேன். கேட்டதுக்கு, "கூலி போன நாளு கண்ணு"ன்னாங்க.

ஏன்னு புரிய கொஞ்சம் கெமிஸ்ட்ரி வேணும். பாத்தியில் நிற்கும் நீர் வெயிலிலும் காத்திலும் வற்றி, சுமார் 25 டிகிரி பாமே அடர்த்திக்கு வந்தால்தான் உப்பு பூக்கும். அதுக்கு நாள்கணக்கில் காத்திருக்கணும். நடுவில் ஒரு நல்ல மழை போதும், அத்தனை நாள் உழைப்பும் கரைஞ்சிடும். தை, மாசியில் பாத்தி திருத்தி ஆரம்பிக்கும் வேலை புரட்டாசி வரைக்கும் ஓடும். ஐப்பசியில் அடைமழை பிடிச்சா அளம் முழுக்கத் தண்ணி, கையில் வேலை கிடையாது. இந்தக் கரையோட உண்மையான காலண்டர் இதுதான். ஆனா அச்சடிச்ச தாளில் இது ஒரு வரிகூட இல்லை.

அதுக்காக நம்ம பசங்க சிலர் மாதிரி "எல்லாம் மூடநம்பிக்கை, கிழிச்சுப் போடு"ன்னு சொல்ல வரலை. அந்தத் தாளில் ரெண்டு விதமான சரக்கு கலந்து கிடக்கு. ஒண்ணு ராகுகாலம். பகலை எட்டாப் பிரிச்சு அதில் ஒரு பங்கு. கணக்குப்படி சூரியன் உதிக்கும் நேரத்தோடு அதுவும் நகரணும். தாளில் திங்கள்னா வருஷம் பூரா 7.30–9.00தான். ஜனவரியில் சூரியனே ஆறரை மணிக்குத்தான் வருது. ராகு மட்டும் பங்க்சுவலா வந்துடுறார்.

இன்னொண்ணு மண்ணோடும் கடலோடும் ஒட்டினது. மாசி மகத்தைப் பாருங்க. மாசியில் மக நட்சத்திரத்தை ஒட்டி வரும் பௌர்ணமி. இதே கரையில் தெற்கே புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்குச் சுத்துப்பட்டுச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்சு, உப்பளத்தில் புது வேலை தொடங்கும் சமயம் அது. அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏத்தம் கூடும் என்பதும் நிலாக் கணக்குதான், அதில் ஜோசியம் எதுவும் இல்லை. ஆடி, கார்த்திகை, மார்கழி எல்லாத்துக்கும் இப்படிப் பருவத்தோடு ஒட்டின பழக்கமும் பழமொழியும் இருக்கு.

பழமொழியை அப்படியே நம்பவும் கூடாது. ‘கர்ணனுக்கு மிஞ்சிய கொடையும் இல்லை, கார்த்திகைக்கு மிஞ்சிய மழையும் இல்லை’ன்னு சொல்வாங்க. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறினது 2011 டிசம்பர் 30. அப்போ மார்கழி பாதி முடிஞ்சாச்சு. நம்ம பாஷையில் சொன்னா பழமொழி ஒரு ஆவரேஜ். அதுக்கு வெளியே விழும் புள்ளிதான் ஆளைக் கொல்லும். 2024-இல் ஃபெஞ்சல் வந்தது நவம்பர் 30, அசல் கார்த்திகை. பழமொழி அன்னிக்குப் பலிச்சது, ஆனா ஒரே நாளில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. கொட்டும்னு எந்தப் பழமொழியும் சொல்லி வைக்கலை.

இதில் காசும் இருக்கு. உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாத காலத்துக்குன்னு 5,000 ரூபாய் நிவாரணம் அரசு கொண்டு வந்தது. நல்ல விஷயம். ஆனா அந்தத் திட்டமும் பழைய ஆவரேஜை நம்பித்தான் நிற்குது. மாசியிலோ சித்திரையிலோ பெய்து, வாரத் தயாரா இருந்த உப்பைக் கரைக்கும் மழைக்கு யாரும் கணக்கு வைக்கிறதில்லை. "எத்தனை நாள் போச்சு?"ன்னு கேட்டா காட்ட என்ன இருக்கு? ஆயாவோட கம்பிதான்.

அதனால் என் யோசனை இது. நம்ம டிபார்ட்மெண்ட் வருஷா வருஷம் வழவழ பேப்பரில் குரூப் போட்டோ போட்டு ஒரு வால் காலண்டர் அடிக்குது. இந்தத் தடவை மரக்காணத்துக்கு ஒண்ணு அடிப்போம். மாசத்துக்கு ஒரு தாள். பாத்தி திருத்தும் நாள், முதல் உப்பு வாரும் நாள், காத்து மாறும் நாள், கடல் ஏத்தம், சாமி கடலுக்கு வரும் நாள். ஒவ்வொரு தேதிக்குக் கீழும் ஒரு காலிக் கட்டம், அன்னிக்கு மழையா, எத்தனை பேருக்கு வேலை போச்சுன்னு எழுத. போன மாச மழை விவரத்தை வானிலை மையத்தோட பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ராகுகாலம் வேணும்னு ஆயாக்கள் கேட்டா ஓரத்தில் போட்டுடலாம், சண்டை வேணாம்.

பொங்கல் லீவில் நான் நோட்டோடு போறேன். உங்க ஊர் வேதாரண்யமோ தூத்துக்குடியோ என்றால் அங்கே இந்த மாசங்கள் எப்படி வரிசை கட்டுதுன்னு எழுதி அனுப்புங்க. போன தடவை நான் போனப்போ கம்பியில் மாசித் தாள் ரெண்டு இருந்தது.