மழையில் நிற்கும் பழைய பைக்: கார்புரேட்டரைக் கழற்றும் முன் பிளக் கேப்பைப் பாருங்க!

ஐப்பசி மழை பிடித்துவிட்டால், பழங்காநத்தத்தில் இருந்து பசுமலை வழியாகத் திருப்பரங்குன்றம் போகும் சாலையில் வண்டியை ஓரம்கட்டி கிக்கரை மிதிப்பவர்களைப் பார்க்கலாம். அந்த வண்டிகளில் ஆர்எக்ஸ் 100 இருக்கும், யெஸ்டி இருக்கும், பழைய புல்லட்டும் இருக்கும். "கார்புரேட்டர மாத்திரணும்ணே" என்பார் மெக்கானிக். மாற்றிய பிறகும் அடுத்த மழைக்கு வண்டி நிற்கும்.

ஆர்எக்ஸ் 100, பழைய யெஸ்டி இரண்டின் உற்பத்தியும் 1996-லேயே நின்றுவிட்டது. அவசரப்பட்டுக் கழற்றிப் போட்ட ஒரிஜினல் கார்புரேட்டர் திரும்பக் கிடைப்பது கஷ்டம். அதனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, விலை குறைந்த பிளக் கேப்பைத்தான்.

மழையில் மட்டும் ஏன் மிஸ் ஆகுது?

காயிலில் இருந்து பிளக்குக்கு வருவது 10,000 வோல்ட்டுக்கும் மேல். கேப்பின் ரப்பர் வெடித்திருந்தால் ஈரத்தின் வழியே கரண்ட் இன்ஜின் உடம்புக்குப் போய்விடும். பிளக்கில் ஸ்பார்க் வராது. இருட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்து தள்ளி நின்று பாருங்கள். கேப்பைச் சுற்றி நீலப் பொறி தெரிந்தால் கேப் போச்சு. கையை மட்டும் வைத்துவிடாதீர்கள்!

கேப்புக்குள் ரெசிஸ்டர் எதற்கு?

1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி சிக்னல் அனுப்பியதே மின்பொறியை வைத்துத்தான். உங்கள் பிளக்கும் அப்படி ஒரு குட்டி ரேடியோ நிலையம். அந்த இரைச்சல் பக்கத்து ரேடியோவைக் கெடுக்கும், சி.டி.ஐ. யூனிட்டையும் குழப்பலாம். அதை அடக்கத்தான் ரெசிஸ்டர்.

'ரெசிஸ்டரை எடுத்துட்டா பிக்கப் கூடும்' என்பது வெறும் நம்பிக்கை. வாயை அடைத்த ஹோஸ் பைப்பில் நடுவே நெருக்கம் இருந்தாலும் முனையில் அழுத்தம் குறையாது. ஸ்பார்க் தாவும் வரை கரண்ட் ஓடுவதில்லை என்பதால், வோல்ட்டேஜும் அதேபோலக் குறைவதில்லை.

எதைப் பார்த்து வாங்குவது?

* 5 கிலோ ஓம் கேப் பொதுவாகப் போதும். என்.ஜி.கே. கேப்பின் பெயரில் வரும் 05 அதைத்தான் குறிக்கிறது.

* பிளக்கின் பெயரில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அதற்குள்ளேயே ரெசிஸ்டர் உண்டு. சி.பி. பாயிண்ட் வைத்த பழைய வண்டிக்கு இரண்டில் ஒன்று போதும்.

* பிளக்கின் தலையில் நட்டு இருக்கிறதா, வெறும் மரையா என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் கேப்பையே கேளுங்கள்.

* கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 5-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். எண் பல மடங்கு ஏறினாலோ, ரீடிங்கே வராவிட்டாலோ வேண்டாம்.

* மாட்டும் முன் ஒயரின் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டி, பளிச்சென்ற செம்புக் கம்பியில் கேப்பைத் திருகுங்கள்.

சிவப்பு, நீலம் என்று 'ரேசிங்' பெயரில் வரும் கேப்புகளின் நிறம் வண்டியை ஓட்டாது. மழையில் ஓட்ட வேண்டுமென்றால் ஒயர் நுழையும் இடத்திலும் பிளக்கில் உட்காரும் இடத்திலும் ரப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். காசு கொடுக்க வேண்டியது அதற்குத்தான்.